எறும்பின் இரண்டாம் பதிப்பு

தெரணியகலை பஸ்ஸில் சுதர்ஷினி டீச்சருக்குப் பக்கத்து இருக்கை கிடைத்த பெண்கள் அவிசாவளை வரும்வரை வாயை மூடமாட்டார்கள். மகளின் கல்யாணம், மருமகளின் திமிர், ரம்புட்டான் விளைச்சல் என்று வீட்டுக் கதையெல்லாம் வெளியே வரும். டீச்சரும் ‘அடடா’ சொல்ல வேண்டிய இடத்தில் ‘அனே’ போட்டு, கேகாலைப் பக்கத்துக் கிராமத்துச் சிங்களத்தில் சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டு வருவாள். கடைசியில் அந்தக் கேள்வி வரும்: எந்தக் கிராமம்? டீச்சர் தோட்டத்தின் பெயரைச் சொல்வாள். பக்கத்து இருக்கைக்காரி அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “பேச்சைக் கேட்டால் தமிழ் என்று தெரியவே இல்லையே!” என்பாள். மெச்சுகிறாளாம். டீச்சரும் அதை மெச்சலாகவே எடுத்துக்கொண்டு இறங்கிப் போவாள். பல வருஷம் அப்படித்தான் போனாள்.

அந்தச் சிங்களம் சும்மா வந்ததில்லை. கரவனெல்லைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய அழகமுத்துவின் மகள் அவள். எண்பத்து மூன்றில் கலவரம் வந்தபோது அழகமுத்துவும் இன்னொருவரும் கடைக்குப் போன வழியில் ஒரு கும்பலிடம் மாட்டிக்கொண்டார்கள். அழகமுத்துவுக்கு நாலு வார்த்தை சிங்களம் திக்காமல் வந்தது, விட்டுவிட்டார்கள். கூடப் போனவருக்குத் திக்கியது. அவரைப் பற்றி அழகமுத்து அதற்குப் பிறகு வாய் திறந்ததே இல்லை. மகளுக்கு மட்டும் ஒரு சட்டம் போட்டார்.

“வெளிய கால வச்சா வாயில சிங்களந்தான் இருக்கணும் பாப்பா. அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே நீ பேசிரணும்.”

பாப்பா பேசினாள். தொண்ணூற்றிரண்டில் அவளுக்குப் பதின்மூன்று வயது. அதற்குள் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், இருந்த ஜனங்களுக்கெல்லாம் அவள்தான் வாய். அடையாள அட்டை, பிறப்புச் சான்று, பொலிஸ் முறைப்பாடு என்று எந்தக் கந்தோருக்குப் போனாலும் ஸ்கூல் சட்டையோடு அவளையும் கூட்டிக்கொண்டு போவார்கள். ஐம்பது வயது மனுஷன் கைகட்டி நிற்பார். அவர் எங்கே பிறந்தார், எத்தனை பிள்ளை பெற்றார் என்று அவள் சொல்லிக்கொண்டிருப்பாள். கிளார்க்மார் அவள் தலையில் தட்டி, கெட்டிக்காரப் பிள்ளை என்பார்கள். அந்தப் படிவத்தைத் தமிழிலும் அடித்து வைக்கலாமே என்ற யோசனை அங்கே ஒருவருக்கும் வரவில்லை. ஏன் வரப்போகிறது? அதுதான் இந்தப் பிள்ளை இருக்கிறாளே! இதை அவள் அன்றைக்கே யோசித்திருந்தால் பின்னால் வாங்கிய அடி கொஞ்சம் குறைந்திருக்கும். பதின்மூன்று வயதில் யார்தான் யோசிக்கிறார்கள்.

இரண்டாயிரத்து ஒன்றில் ஆசிரியை நியமனம் கிடைத்தது. தெரணியகலை பஸ் நிற்கும் இடத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் மேலே ஏறினால் ஒரு தேயிலைத் தோட்டம், அதன் நடுவில் அரைச்சுவர் வைத்த தமிழ்ப் பள்ளிக்கூடம். கணக்குப் பாடம் அவளுடையது. ஆறு வருஷம் கழித்து யாரோ புண்ணியவான்கள் இரண்டு பழைய கணினிகளை லொறியில் ஏற்றி அனுப்பினார்கள். கூடவே ஒரு குறுந்தட்டும் வந்தது. அதற்குள் இருந்ததுதான் கூம்பியா.

கூம்பியா என்றால் சிங்களத்தில் எறும்பு. ரணவீர என்று கொழும்பில் ஓர் ஓய்வுபெற்ற விரிவுரையாளர், பிள்ளைகளுக்கென்றே உருவாக்கிய கணினி மொழி அது. திரையில் ஓர் எறும்பு நிற்கும். பிள்ளை ஒரு கட்டளையைத் தட்டினால் அது நடக்கும், திரும்பும், போன வழியெல்லாம் கோடு போடும். கட்டளைகளை அடுக்கத் தெரிந்தால் சதுரம் வரும், நட்சத்திரம் வரும், பூ வரும். நல்ல மனுஷனின் நல்ல வேலை. கட்டளைகள் மட்டும் சிங்களத்தில் இருந்தன.

டீச்சர் அந்தத் தட்டைப் பஸாருக்குக் கொண்டு போனாள். அங்கே அஸ்ஹர் போட்டோகொப்பி, டெலிபோன், கணினி எல்லாம் சேர்த்து ஒரு கடை வைத்திருந்தார். அவளுக்குக் கணினியைத் தொட்டுப் பழக்கியவரே அவர்தான். இரண்டு நாள் குடைந்து பார்த்துவிட்டு, “டீச்சர், எறும்போட சொல்லெல்லாம் தனியா ஒரு கோப்புல கெடக்கு. அதை மாத்தினா எறும்பு நாம சொல்றதக் கேக்கும்” என்றார். டீச்சருக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் நியமனக் கடிதம் வந்த அன்றைக்குக் கூட வரவில்லை.

எறும்புக்கு என்ன தமிழ் கற்றுக்கொடுப்பது? வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளைகளில் ஏழாம் வகுப்பு அதை விவாதித்தது. டீச்சர் பாடப்புத்தகத் தோரணையில் கரும்பலகையில் ‘முன்செல்’ என்று எழுதினாள். தனுஜா என்ற பிள்ளை எழுந்து நின்று, “எங்க வூட்டு மாட்டுகிட்ட ‘முன்செல்’னு சொன்னா அது படுத்துக்கும் டீச்சர்” என்றாள். வகுப்பே உருண்டு சிரித்தது. ‘போ’ என்று முடிவாயிற்று. திரும்பச் செய் என்பதற்கு ‘இன்னொருக்கா’. நிறுத்து என்பதற்கு ‘போதும்’. இப்படி நாற்பத்தொரு சொல்லுக்கு நாலு மாதம் சண்டை. அதற்குப் பிறகு எறும்பு ஓடிய ஓட்டம் இருக்கிறதே! தனுஜா எறும்புக்கு லயத்து அறை ஒன்றை, ஒரே ஒரு காம்பிராவை, வரையக் கற்றுக்கொடுத்து, ‘இன்னொருக்கா 12’ என்று தட்டினாள். வரிசையாகப் பன்னிரண்டு காம்பிரா, முழு லயமும் திரையில் வந்து நின்றது. கணக்கில் முட்டை வாங்கிக்கொண்டிருந்த பிள்ளை அவள்.

இரண்டாயிரத்து எட்டு மே மாதம் ரணவீர சேரிடமிருந்து கடிதம் வந்தது. கூம்பியாவின் இரண்டாம் பதிப்பு தயாராகப் போகிறது, அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பேச ஆசிரியர்களும் வர வேண்டும் என்று அழைத்திருந்தார். பேசவேண்டிய அம்சங்களின் பட்டியல் கூட இருந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட எறும்புகள். எறும்புக்கு நிறங்கள். மூன்றாவதாக, சொல் கோப்பை எடுத்துவிட்டுச் சொற்களை மொழியின் இயந்திரத்துக்குள்ளேயே பதித்துவிடுவது.

மூன்றாவதை டீச்சர் இரண்டு முறை படித்தாள். கோப்பு போனால் ‘போ’ போகும், ‘இன்னொருக்கா’ போகும், நாற்பத்தொன்றும் போகும்.

அவர்கள் சொன்ன காரணமும் பொய்யில்லை. பல பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் கோப்பைக் குடைந்து எறும்பை முடமாக்கியிருந்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் வரைந்ததை, வேறு சொற்கள் வைத்திருந்த இன்னொரு பள்ளிக்கூடத்தில் திறக்கவும் முடியவில்லை. டீச்சர் இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டாள். கடைசியில் வழி கிடைத்தது. அதுவும் தோட்டத்திலேயே கிடைத்தது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு நம்பர் கொடுத்துவிட வேண்டும். சேமிக்கும்போது நம்பராகச் சேமிக்க வேண்டும். திரையில் காட்டும்போது மட்டும் அந்தந்தப் பள்ளிக்கூடத்தின் சொல்லில் காட்ட வேண்டும். தமிழில் எழுதியதைச் சிங்களப் பள்ளிக்கூடத்தில் திறந்தால் சிங்களமாகத் தெரியும். கோப்பை ஆசிரியர் கையில் பூட்டிக் கொடுத்துவிட்டால் யாரும் கெடுக்கவும் முடியாது. இதை ஆறு பக்கத்தில் சிங்களத்தில் எழுதி அஸ்ஹரிடம் அச்சடிக்கக் கொடுத்தாள்.

அஸ்ஹர் ஆறு பக்கத்தையும் நின்றபடியே வாசித்தார். “யோசனை தங்கம் டீச்சர். ஆனா ஒண்டு சொல்றேன், கோவிக்காதீங்க. அங்க போய் தமிழ்ல பேசுங்க. மொழிபெயர்க்க ஒராளை வைக்கச் சொல்லுங்க.”

“எதுக்கு அஸ்ஹர் நானா? எனக்குத்தான் நல்லா வருமே.”

“அதுக்குத்தான் சொல்றேன். நீங்க சிங்களத்துல பேசினா அவங்களுக்குச் சந்தோஷம். பொறகு, தமிழ் என்னத்துக்கு எண்டு கேப்பாங்க.”

டீச்சர் சிரித்துவிட்டாள். மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசுகிறவர்களைப் பார்த்து இரக்கப்பட்டே வளர்ந்தவள் அவள். போயும் போயும் தானே அப்படி ஒருத்தர் பின்னால் போய் நிற்பதா? கர்வம்தான், வேறொன்றுமில்லை. அந்தக் கர்வத்துக்கு அவளை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ஊரே சேர்ந்து ஊட்டி வளர்த்தது.

கூட்டத்து நாளில் கொழும்புக்குப் போகும் வழியில் அவிசாவளை தாண்டிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றார்கள். சிப்பாய் அடையாள அட்டையில் பெயரைப் பார்த்துவிட்டு நிமிர்வதற்குள் டீச்சர் பேச ஆரம்பித்துவிட்டாள்: பள்ளிக்கூடம், கணினி, கூட்டம், நேரமாகிவிட்டது தம்பி. அவன் சிரித்து, அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். அவளுக்குப் பின்னால் நின்ற இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவருக்கு இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை. அவரை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். பஸ் அவரை விட்டுவிட்டுப் போனது. அவருக்காக நாலு வார்த்தை பேசியிருக்கலாமே என்று டீச்சருக்குக் கடுவலை வந்த பிறகுதான் தோன்றியது. வெட்கமாக இருந்தது. உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதிதான் அதிகம் சுட்டது.

கூட்டத்தில் மேசையைச் சுற்றி ஏழு பேர். ரணவீர சேர் தலைமை. புதுப் பதிப்பை எழுதப்போகும் சமிந்த என்ற இளைஞன் ஒரு பக்கம். திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி அம்மா ஒருவர். மற்ற மூவரும் சிங்களப் பள்ளிக்கூட ஆசிரியர்கள். எல்லோரும் அவளை அன்பாக வரவேற்றார்கள். பேச்செல்லாம் சிங்களத்தில்தான் நடந்தது. அவளும் யாரும் கேட்பதற்கு முன்பே சிங்களத்தில் வணக்கம் சொல்லி, சிங்களத்திலேயே உட்கார்ந்தும் விட்டாள்.

மூன்றாம் அம்சம் வந்தது. “கோப்பு கெட்டுவிட்டது என்று மாதத்துக்குப் பத்து அழைப்பு வருகிறது. கோப்பு இருக்கும்வரை இந்தத் தலைவலி தீராது” என்றான் சமிந்த.

“பூட்டுங்கள், எடுக்காதீர்கள்” என்று ஆரம்பித்தாள் டீச்சர். நம்பர் யோசனையை விளக்கினாள். “என் அப்பாவுக்குத் தோட்டத்துச் செக்ரோல் பேரேட்டில் நம்பர் நூற்றுப் பதினெட்டு. லயத்தில் அவர் அழகமுத்து. உங்கள் கிராமத்துக் கடை முதலாளிக்கு அவர் முத்தையா. யார் எப்படிக் கூப்பிட்டாலும் வந்து நிற்பது ஒரே ஆள். எறும்பின் கட்டளையும் அப்படி இருக்கட்டும். இயந்திரத்துக்கு நம்பர், பிள்ளைக்கு அதன் சொந்தப் பேச்சு.”

ரணவீர சேர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இது அழகான யோசனை” என்றார். சமிந்தகூட மறுக்கவில்லை. “செய்யலாம். சரியான முறையும் இதுதான். ஆறு வாரம் கூடுதலாகத் தேவைப்படும்” என்றான். ஜெயித்துவிட்டோம் என்றே டீச்சர் நினைத்தாள்.

அதிகாரி அம்மா கேட்டார்: “நம் திட்டத்தில் எத்தனை தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன?”

“முப்பத்தொன்றில் இரண்டு” என்றான் சமிந்த. “வடக்குக்கு இப்போது எதையும் அனுப்ப முடியாது. நுவரெலியாப் பக்கம் நாம் இன்னும் போகவில்லை.”

“இரண்டு பள்ளிக்கூடங்களுக்கு ஆறு வாரமா?” அவர் டீச்சரிடம் திரும்பினார். “உங்கள் பிள்ளைகளுக்குச் சிங்களம் தெரியும்தானே?”

“கடையில் சாமான் வாங்கப் பேசுவார்கள். பஸ்ஸில் டிக்கெட் கேட்பார்கள். எழுத்து தெரியாது. யோசிப்பது தமிழில்தான்.”

“நீங்களும் லயத்தில் பிறந்தவர்தானே?”

“ஆமாம்.”

“இந்த மேசையில் உங்களைவிடச் சுத்தமாகச் சிங்களம் பேசுகிறவர் யார் இருக்கிறார்?” என்று அந்த அம்மா கையை விரித்தார். எல்லோரும் சிரித்தார்கள், ரணவீர சேர் உட்பட. கெட்ட எண்ணம் ஒருவருக்கும் இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

டீச்சர் விடவில்லை. தனுஜாவைப் பற்றிச் சொன்னாள், லயத்தைப் பற்றிச் சொன்னாள், முட்டை வாங்கிய பிள்ளை எப்படி எழுந்தது என்று சொன்னாள். நன்றாகத்தான் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் சிங்களம் இன்னும் மெருகேறியது. இடையில் ஒரு கிராமத்துச் சொலவடை வந்து விழ, ரணவீர சேர் ரசித்துத் தலையாட்டினார். அவள் மறுக்க மறுக்க அவர்களுக்குத்தான் ஆதாரம் சேர்ந்துகொண்டிருந்தது. சபரகமுவ மாகாணத்துத் தமிழ்ப் பிள்ளைக்குச் சிங்களம் வரும் என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? சாட்சியே கூண்டில் ஏறி நின்று மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருக்கிறது.

நடுவில் ஒரு விநாடி அவளுக்கு உறைத்தது. இப்போது தமிழுக்கு மாற வேண்டும். ஒருத்தருக்கும் விளங்கக் கூடாது. விளங்காமல் போனால் என்ன ஆகும் என்று இவர்களும் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்க்கட்டும். வாயைத் திறந்தாள். ஆறு முகங்கள் அவளைப் பார்த்தன. வந்தது சிங்களம்தான். முப்பது வயதுக்குள் முப்பதாயிரம் தடவை பழக்கியிருந்த வாய், கேட்காமலே ஓடியது.

கை தூக்கினார்கள். கோப்பை எடுப்பதற்கு ஐந்து கை. டீச்சருடைய கை தனியாக நின்றது. ரணவீர சேர் எந்தப் பக்கமும் தூக்கவில்லை. “வருத்தப்படாதீர்கள் மகள், மூன்றாம் பதிப்பில் பார்ப்போம்” என்றார். அப்போதே அவருக்கு எழுபத்து நாலு வயது.

அத்தோடு பஸ் ஏறியிருந்தால் கூடப் பரவாயில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சமிந்த ஒரு தாளைக் கொண்டுவந்தான். பழைய பதிப்பில் தெரியாத கட்டளையைத் தட்டினால் எறும்பு ஒரு சத்தம் மட்டும் போடும். புதியதில் அது பேச வேண்டும். ‘தவறான கட்டளை’ என்று கட்டைச் சிங்களத்தில் எழுதி வைத்திருந்தான். “இது சரியா டீச்சர்? நீங்கள் சொன்னால் சரியாக இருக்கும்.”

அவள் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். தலைவலிக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் டீச்சர். திரையில் தவறு, தவறு என்று பார்த்து மிரளப்போகும் ஒரு சிங்களப் பிள்ளையின் முகம் கண்ணுக்குள் வந்தது. “பிள்ளை பயந்துவிடும். எறும்பு தன்மேல் பழியைப் போட்டுக்கொள்ளட்டும்” என்று சொல்லி எழுதினாள்: ‘மே வசனய மம தன்னே நே.’ இந்தச் சொல் எனக்குத் தெரியாது. மேசையே கைதட்டியது. கை தட்டினால் முகம் மலர்ந்துவிடும் அவளுக்கு; அன்றைக்கும் மலர்ந்தது. அதை நினைத்து அவள் பிறகு பல நாள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அடுத்த நாள் அஸ்ஹர், “தமிழ்ல பேசினீங்களா?” என்று மட்டும் கேட்டார். டீச்சர் இல்லை என்று தலையை ஆட்டினாள். அவர் ஒரு பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்தார்.

அந்த ஐப்பசி இடிமழையில் பள்ளிக்கூடத்துப் பழைய கணினிகள் இரண்டும் போய்ச் சேர்ந்தன. மறுவருஷம் பெப்ரவரியில் புதிதாக நாலு வந்தன, இரண்டாம் பதிப்பு ஏற்றப்பட்டே வந்தன. பழைய தட்டை அஸ்ஹர் போட்டுப் பார்த்தார். புதிய இயந்திரம் அதைச் சீண்டவே இல்லை. புதுப் பதிப்பின் உள்ளேயும் தேடிப் பார்த்தார். கோப்பு இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. நன்றிப் பட்டியலில் மட்டும், சிங்கள வாசகங்களைச் செம்மைப்படுத்தியவர் என்று டீச்சரின் பெயர் இருந்தது. பள்ளிக்கூடத்து அதிபருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. காலைக் கூட்டத்தில் அதை உரக்க வாசித்து, எல்லோரையும் கைதட்ட வைத்தார். அவருக்கு விளக்கிச் சொல்ல டீச்சருக்குத் தெம்பு இல்லை.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை. புதுத் திரைகளைப் பார்த்த பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். எறும்புக்கு இப்போது சிவப்பு நிறமும் இருந்தது. டீச்சர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தாள். அதற்குள் தனுஜா முந்திக்கொண்டு உட்கார்ந்து ‘போ 10’ என்று தட்டினாள். எறும்பு அசையவில்லை. மறுபடி தட்டினாள். எறும்பின் தலைக்கு மேலே வட்ட வட்டமாக எழுத்து வந்து நின்றது.

“டீச்சர், எறும்பு என்னமோ சொல்லுது. என்னன்னு வாசிச்சுச் சொல்லுங்க.”

டீச்சர் வாசிக்கத் தேவையிருக்கவில்லை. “அந்தச் சொல்லு எனக்குத் தெரியாதுன்னு சொல்லுது.”

“போன வருஷம் தெரிஞ்சுச்சே? நாமதானே சொல்லிக் குடுத்தோம். மறந்திருச்சா டீச்சர்?”

“மறக்கல” என்றாள் சுதர்ஷினி. “அப்படிச் சொல்லச் சொல்லி நான்தான் அதுக்குச் சொல்லிக் குடுத்தேன்.”

டீச்சர் பகிடி விடுகிறாள் என்று நினைத்துப் பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள்.